மருந்து அடித்த பிறகு உடம்பு சரியில்லையா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பயிருக்குத் தெளிக்கிற விஷத்தை நாம் ‘மருந்து’ என்று கூப்பிடுவதிலேயே பாதித் தொல்லை ஆரம்பமாகிவிடுகிறது. மருந்துதானே, மேலே பட்டால் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு தானாக வந்துவிடும். தெளிப்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒரே சந்தேகங்களைப் பல வருடங்களாகப் பல பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டதால், அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் பக்கத்தில் ஒருவருக்கு இப்போதே மூச்சுத் திணறுகிறது, வலிப்பு வருகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் படிப்பதை விட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

மருந்து அடிச்சா லேசா தலைவலி வரத்தானே செய்யும்? அதையும் விஷம்னு சொல்லணுமா?

சொல்லணும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அளவுக்கு மீறிய வியர்வை, பார்வை மங்குவது, காரணமில்லாத சோர்வு எல்லாமே லேசான விஷத்தாக்குதலின் முகங்கள். மருந்தோடு கலந்திருக்கும் கரைப்பானின் நெடியாலும் தலை வலிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் முதல் அரை மணி நேரத்தில் இது நெடியா விஷமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் வேலையை நிறுத்துங்கள், சோப்புப் போட்டுக் குளித்து உடை மாற்றுங்கள், ஒரு ஆளைப் பக்கத்தில் இருந்து கவனிக்கச் சொல்லுங்கள். கூடினால் ஆஸ்பத்திரி.

“எனக்குப் பழகிடுச்சு” என்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. நரம்பின் செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை நிறுத்திவைப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. பல பூச்சிமருந்துகள் அதைக் கட்டிப்போடுகின்றன. அடுத்தடுத்த நாட்களில் அடிக்கும்போது அந்த நொதி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும், வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. அப்புறம் ஒரு நாள், வழக்கமாக அடிக்கிற அதே அளவுக்கே ஆள் சுருண்டு விழுவார். அதற்குப் பெயர் பழக்கம் இல்லை, கையிருப்பு தீர்ந்துபோனது.

ஒரு சொட்டுகூட வாயில படல. அப்புறம் எப்படி உள்ளே போச்சு?

தோல் வழியாக. வேலை செய்யும் இடத்தில் வரும் விஷத்தாக்குதலில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான். நம் கவனமோ முழுக்க மூக்கிலும் வாயிலும் இருக்கிறது. பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்து 1971ல் வெளியான ஓர் ஆய்வு, உடம்பின் எந்த இடம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தது. முன்கை உறிஞ்சுவதைப்போல நெற்றி சுமார் 4 மடங்கு, அக்குள் சுமார் 7 மடங்கு, விரைப்பை சுமார் 12 மடங்கு. மருந்து பட்ட கையோடு நெற்றி வியர்வையைத் துடைப்பதும், அதே கையோடு ஒன்றுக்குப் போவதும் என்ன காரியம் என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

இன்னொன்று, முதுகு. தெளிப்பான் தொட்டியின் மூடி சரியாக இறுகாமல் ஒழுகினால் சட்டையின் பின்பக்கம் நனையும். வியர்வை என்று நினைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அப்படியே நடப்பார்கள். ஒருவரின் சட்டையைக் கழற்றச் சொன்னபோது தோள்பட்டை முதல் இடுப்பு வரை சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. முன்பக்கம் காய்ந்திருக்க, பின்பக்கத்தில் மட்டும் எப்படி வியர்க்கும்? அவருக்கே அப்போதுதான் உறைத்தது. கலக்காத மருந்தைக் கையாளும் நேரம் இதைவிட மோசம். அடிப்பதைவிட அளந்து ஊற்றும் அந்த 5 நிமிடத்தில்தான் கையுறை முக்கியம்.

வெயில் மயக்கமா, விஷமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டிலும் வியர்க்கும், தலை சுற்றும், வாந்தி வரும். அதனால்தான் பல பேர் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். மூன்று இடத்தைப் பாருங்கள். வாய்: வெயில் தாக்கினால் வறண்டு இருக்கும், விஷத்தில் எச்சில் ஊறி ஒழுகும், கண்ணிலும் நீர் வடியும். கண் பாப்பா: விஷத்தில் குண்டூசித் தலை மாதிரி சுருங்கிப்போகும், நிழலுக்குக் கொண்டுவந்தாலும் விரியாது. நாடி: வெயிலில் வேகமாக ஓடும், விஷத்தில் பெரும்பாலும் மெதுவாகும்.

‘பெரும்பாலும்’ என்று சொன்னதைக் கவனியுங்கள். விஷத்திலும் சிலருக்கு நாடி வேகமாக இருக்கும், ஆரம்பத்தில் பாப்பா சுருங்காமலும் இருக்கலாம். கண்ணிமை, கன்னம், கெண்டைக்கால் சதை தானாகத் துடித்தால் அது விஷத்தின் பக்கம்தான் கை காட்டுகிறது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் வெயிலும் விஷமும் சேர்ந்தே தாக்கலாம் என்பதால், மருந்து அடித்த நாளில் சந்தேகம் வந்தால் விஷம் என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் என் கட்சி.

எல்லா மருந்துக்கும் இதே அறிகுறிதானா?

இல்லை. மேலே சொன்ன எச்சில், கண்ணீர், சுருங்கிய பாப்பா எல்லாம் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு குடும்பங்களின் அடையாளம். குளோர்பைரிபாஸ், மாலத்தியான், மோனோகுரோட்டோபாஸ் முதல் குடும்பம். கார்போபியூரான், மெத்தோமில் இரண்டாவது. 1936ல் ஜெர்மனியில் புதிய பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் டாபுன் என்ற நரம்பு வாயுவைக் கண்டுபிடித்தது இந்த முதல் குடும்பத்தைக் குடைந்தபோதுதான். பூச்சிக்கும் மனிதனுக்கும் நரம்பு வேலை செய்யும் விதத்தில் அவ்வளவு ஒற்றுமை. கார்பமேட் தாக்குதல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும், ஆர்கனோபாஸ்பேட் அப்படி விடாது.

பைரித்ராய்டு வகை (சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை) முகத்தில் பட்டால் சுருசுருவென்று எரியும், மரத்துப்போகும். வெயிலும் வியர்வையும் அதை இன்னும் கூட்டும். சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவினால், அநேகமாக ஒரு நாளில் போய்விடும். தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக வெளியேறும். மூடிய அறையில் நெஞ்சடைப்பு, இருமல், வாந்தி என்று தொடங்கி இதயத்தையே பிடித்துவிடும், அதற்கு முறிவு மருந்து கிடையாது. அந்த மாத்திரை வைத்த இடத்துக்கு அடுத்த அறையில்கூடத் தூங்கக் கூடாது.

களைக்கொல்லியில் பாராகுவாட் தனி ரகம். வாய்க்குள் போனால் வாயும் தொண்டையும் புண்ணாகும், அப்புறம் சிறுநீரகம், கடைசியில் நுரையீரல். இதற்கும் முறிவு மருந்து இல்லை. நுரையீரல் சேதத்தைக் கூட்டிவிடும் என்பதால் ஆக்சிஜன் வைப்பதைக்கூட டாக்டர்கள் யோசித்துத்தான் தொடங்குவார்கள். எலி மருந்திலும் ஒரே வகை இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வகையில் ஓரிரு நாள் கழித்துத்தான் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் தெரியும். மஞ்சள் பாஸ்பரஸ் பசையோ, ஆள் தேறிவிட்டார் என்று நினைக்கவைத்துவிட்டுப் பிறகு கல்லீரலைத் தாக்கும்.

அடிச்சிட்டு இருந்தவர் அங்கேயே விழுந்துட்டார். முதல்ல என்ன செய்யணும்?

முதலில் உங்கள் கையில் ஏதாவது உறை மாட்டுங்கள், நெகிழிப் பையாவது போதும். அவரைத் தூக்கப்போய் அடுத்த நோயாளியாக நீங்கள் ஆகிவிடக் கூடாது. காற்று வருகிற திசையில் அவரைத் தள்ளிக் கொண்டுவந்து, ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போதே மற்றவர் உடைகளைக் கழற்றுங்கள். உள்ளாடை, பெல்ட், செருப்பு எல்லாம். மானம் பார்க்கிற நேரம் இல்லை, மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளலாம். வண்டி வரும்வரை நிறைய தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். தலைமுடி, காதுமடல் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு, நகக்கண் ஆகியவைதான் விட்டுப்போகிற இடங்கள். தூளாகப் பட்டிருந்தால் முதலில் தட்டிவிட்டு அப்புறம் தண்ணீர்.

நினைவில்லாதவரை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள், வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகாது. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வலிப்பு வந்தால் கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம், பற்களுக்கு நடுவே கரண்டியும் வேண்டாம். கழற்றிய துணியைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். நனைந்த சட்டையோடு ஆளை வண்டியில் ஏற்றி ஜன்னலையும் மூடிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். வழி முழுக்க அவர் உடம்புக்குள் மருந்து ஏறிக்கொண்டே இருக்கும்.

வாந்தி எடுக்க வெச்சா விஷம் வெளியே வந்துடும்ல? உப்புத் தண்ணி, பால், எண்ணெய் எதாவது?

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். நினைவு தப்பிக்கொண்டிருப்பவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். மருந்தில் கலந்துள்ள பெட்ரோலியக் கரைப்பான் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா தனியாக வரும். உப்புக் கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, அதுவே ஆளைக் கவிழ்க்கும். பல பூச்சிமருந்துகள் கொழுப்பில் கரைபவை, எண்ணெய் கொடுத்தால் உறிஞ்சுதல் கூடலாம். பாலிலும் கொழுப்பு உண்டு, அது எந்த விஷத்தையும் முறிக்காது. கரித்தூள் கொடுப்பதும் குடலைக் கழுவுவதும் டாக்டரின் முடிவு, அதுவும் குடித்துக் கொஞ்ச நேரத்துக்குள் என்றால்தான்.

கண்ணில் தெறிச்சிடுச்சு.

உடனே, அந்த இடத்திலேயே, ஓடும் சுத்தமான தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம். இமையை விரலால் விரித்துப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் 2 நிமிடமே 15 மாதிரித் தோன்றும். தேய்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் சொட்டுமருந்து எதையும் விடாமல் டாக்டரைப் பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு பாட்டிலைக் கொண்டு போகணுமா? பேர் சொன்னா போதாதா?

கடையில் விற்கிற பெயர் போதாது. ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி பெயர்களில் முற்றிலும் வேறு மருந்துகள் இருக்கும், நோயாளியோ “வெள்ளை டப்பா, பச்சை மூடி” என்பார். டாக்டருக்கு வேண்டியது லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் செயல்படு பொருளின் பெயரும் சதவீதமும். லேபிளை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலையே எடுத்துப் போனால் மூடியை இறுக்கி, பைக்குள் வைத்துக் கட்டி எடுத்துப் போங்கள். எத்தனை மருந்து கலந்தீர்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, குளிப்பாட்டினீர்களா, வாந்தி எடுத்தாரா என்பதையும் சொல்லுங்கள். இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து அடித்திருந்தால் அத்தனை லேபிளும் வேண்டும். ஒன்றை மட்டும் காட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

அட்ரோபின் ஊசி போட்டாங்க, ஆள் உளற ஆரம்பிச்சிட்டார். தப்பான ஊசியா?

தப்பான ஊசி இல்லை. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் தாக்குதலில் நுரையீரல் தன் நீரிலேயே மூழ்குகிறது. அதை வற்றவைப்பதுதான் அட்ரோபின். சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டித்துக்கொண்டே போவார்கள். வீட்டார் “இத்தனை ஊசியா!” என்று மிரள்வது இங்கேதான். டாக்டர் முக்கியமாகப் பார்ப்பது நெஞ்சில் சளிச் சத்தம் போய்விட்டதா, நாடியும் ரத்த அழுத்தமும் ஏறிவிட்டனவா என்பதை. கண் பாப்பா விரிவதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அளவு கொஞ்சம் மிஞ்சினால் வாய் வறளும், உடம்பு கொதிக்கும், உளறுவார். செவிலியரிடம் உடனே சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள்.

தசை பலவீனத்துக்கு அட்ரோபின் உதவாது. அதற்காகப் பிராலிடாக்ஸிம் என்ற இன்னொரு மருந்தைச் சில இடங்களில் சேர்ப்பார்கள், ஆனால் நேரம் கடந்துவிட்டால் நொதியோடு ஒட்டிய விஷம் பிரிக்க முடியாதபடி இறுகிவிடும். சில பூச்சிமருந்துகளில் இது சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. “அட்ரோபினை முன்கூட்டியே போட்டுக்கிட்டு அடிக்கப் போகலாமா?” என்று ஒருவர் கேட்டார். கூடாது. விஷம் ஏறுவதை அது மறைத்துவிடும், நிறுத்தாது.

ரத்தப் பரிசோதனை நார்மல்னு வந்துச்சு. அப்போ விஷம் இல்லதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கோலினெஸ்டரேஸின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் நிறைய மாறும். உச்சத்தில் இருந்த ஒருவருக்கு 40 சதவீதம் குறைந்தும் ரிப்போர்ட் ‘நார்மல்’ எல்லைக்குள்ளேயே நிற்கலாம். அதனால்தான் இந்த மருந்துகளைத் தொடர்ந்து கையாள்பவர்கள் சீசன் தொடங்குமுன், மருந்து தொடாத காலத்தில், ஒருமுறை பரிசோதித்து அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கார்பமேட் என்றால் மாதிரி ஆய்வுக்கூடம் போய்ச் சேர்வதற்குள் நொதி தானாக மீண்டுவிடும், அதுவும் நார்மல் என்றே வரும். பைரித்ராய்டுக்கும் பாராகுவாட்டுக்கும் இந்தப் பரிசோதனை எதையும் காட்டாது.

ராத்திரியே எழுந்து உட்கார்ந்துட்டார், பேசுறார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?

எனக்கு வரும் கேள்விகளில் மிக ஆபத்தானது இது. ஆர்கனோபாஸ்பேட் தாக்கியவருக்கு எச்சில், வாந்தி எல்லாம் அடங்கிய பிறகு, 24 முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் செயலிழக்கலாம். 1987ல் இலங்கை மருத்துவர்கள் இதைத் தனி நோய்நிலையாக விவரித்தார்கள். படுத்திருப்பவரைத் தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அதுதான் முதல் எச்சரிக்கை, மூச்சு நிற்பது அடுத்த கட்டம். வென்டிலேட்டர் இருக்கும் இடத்தில் இருந்தால் பிழைத்துக்கொள்வார். பேருந்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால்?

சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் மரத்து, பாதம் தொங்குவதும் உண்டு. பாராகுவாட், எலி மருந்து விஷயத்தில் ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்பதற்கு மதிப்பே இல்லை, காரணம் மேலே இருக்கிறது. டாக்டர் அனுப்பும்வரை இருங்கள்.

மாஸ்க் போட்டுத்தான் அடிக்கிறேனே?

துணி மாஸ்க் மருந்தை உறிஞ்சி மூக்கோரமே வைத்திருக்கும் பஞ்சு, அவ்வளவுதான். ஆவியைத் தடுக்க அதற்கான வடிகட்டிக் குப்பி வைத்த முகமூடி வேண்டும். தோல் கணக்கைப் பார்த்தீர்கள் அல்லவா, அதனால் கையில் ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் நான் நைட்ரைல் கையுறையைத்தான் சொல்வேன். கழற்றும் முன் கையுறையோடு கையைக் கழுவுங்கள். துணிக் கையுறையும் தோல் கையுறையும் மாஸ்க் கதைதான். தோல் கையுறையில் ஊறியதை எந்தச் சோப்பும் எடுக்காது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

நான் அடிக்கவே இல்ல. மறுநாள் காய் பறிக்கத்தான் போனேன், எனக்கு ஏன் வந்துச்சு?

இலையில் காய்ந்திருக்கும் மருந்து வியர்வையில் கரைந்து தோலில் ஏறும், இலையோடு உரசி உரசி வேலை செய்பவர்களுக்கு மணிக்கணக்கில் ஏறும். சில ஆர்கனோபாஸ்பேட்டுகள் வெயிலிலும் தூசியிலும் கிடந்து, தாய்ப்பொருளைவிடக் கடுமையான பொருளாக மாறவும் செய்யும். அதற்காகத்தான் லேபிளில் ‘தெளித்த பிறகு இத்தனை மணி நேரம் உள்ளே போகக் கூடாது’ என்று போட்டிருப்பார்கள். அடித்தவருக்கு அது தெரியும், பறிக்க வருபவருக்கு யாரும் சொல்வதில்லை. என்றைக்கு என்ன அடித்தீர்கள் என்று கேளுங்கள், கேட்பதில் ஒரு குற்றமும் இல்லை.

வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. நான் எதைக் கவனிக்கணும்?

நீங்கள் மருந்தடித்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். உடையைத் தனியாகத் துவையுங்கள், செருப்பு வாசலுக்கு வெளியே இருக்கட்டும். மீதியான மருந்தைக் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைப்பதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். குழந்தைக்கு என்ன தெரியும், பெரியவர்களே தவறிக் குடித்திருக்கிறார்கள்.

வெயிலா விஷமா கேள்வியில் சொன்ன அடையாளங்கள் குழந்தைகளிடம் சரியாகத் தெரியாமல் போகலாம். எச்சிலும் கண்ணீரும் இல்லாமல், துவண்டு கிடப்பதோ வலிப்போ முதல் அறிகுறியாக வரலாம்.

பச்சைக் குறி போட்ட டப்பாதான் வாங்குறேன். அப்போ பயமில்லையே?

நிறக் குறி எலிக்குக் கொடுத்துப் பார்த்த உடனடி நச்சுத்தன்மையை வைத்துப் போடப்படுவது. உடனே கொல்லாது என்பதுதான் அது சொல்வது; பல வருடம் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. சற்றுமுன் சொன்ன பாராகுவாட், முறிவு மருந்தே இல்லாத பொருள், உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ‘மிதமான ஆபத்து’ என்ற இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

ரொம்ப வருஷம் அடிச்சவங்களுக்குப் பின்னாடி என்னென்ன வரும்?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ல் லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், மாலத்தியான், டயாசினான் என்ற பூச்சிமருந்துகள், கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மூன்றையும் ‘உண்டாக்க வாய்ப்புள்ளவை’ என்றும் வகைப்படுத்தியது. கிளைபோசேட் பற்றி வேறு சில கட்டுப்பாட்டு அமைப்புகள் அதற்கு எதிரான முடிவுக்கு வந்தன, சண்டை ஓயவில்லை. பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகள் உண்டு. டிபிசிபி என்ற புழுக்கொல்லியைத் தயாரித்த ஆண்களுக்கு விந்தணு அற்றுப்போனது 1977ல் கலிபோர்னியாவில் தெரியவந்தது, அதுவும் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது.

ஆனால் ‘என் அப்பாவுக்கு வந்தது அந்த மருந்தாலா?’ என்று தனி ஒருவரைக் காட்டிக் கேட்டால் நேர்மையான டாக்டர் யாரும் ஆமாம் என்றோ இல்லை என்றோ அடித்துச் சொல்ல மாட்டார்.

ஒருத்தர் வேணும்னே குடிச்சிட்டார்னா?

முதலுதவி அதேதான், ஆஸ்பத்திரிக்கு உடனே. குடித்ததை மறைக்காதீர்கள், ‘தவறிப் பட்டுவிட்டது’ என்று டாக்டரிடம் கதை மாற்றினால் சிகிச்சை தடம் மாறும். திட்டவும் காரணம் கேட்கவும் அது நேரம் இல்லை. உடம்பு தேறிய பிறகு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் மிச்ச மருந்தையெல்லாம், அவர் திரும்பி வருவதற்குள், வேறு ஒருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். மனம் உடைந்த அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

எப்போ மறுபடி அடிக்கப் போகலாம்?

உடம்பு நன்றாக இருக்கிறது என்பதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், நொதியை வைத்துத் தீர்மானியுங்கள். கலிபோர்னியாவின் விதிப்படி சிவப்பணு நொதி (ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் கோலினெஸ்டரேஸ்) உங்கள் அடிப்படை அளவில், அதாவது மருந்து தொடாத காலத்தில் எழுதி வைத்த எண்ணில், 70 சதவீதத்துக்கு இறங்கினால் அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும், 80 சதவீதத்தைத் தொட்ட பிறகே திரும்பச் சேர்க்கலாம். சிவப்பணு நொதி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான் ஏறும், புது ரத்த அணு உருவாகும் வேகம் அது. கடுமையாகத் தாக்கியிருந்தால் இரண்டு மூன்று மாதம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வயலில் வேறு வேலை பார்க்கலாம், ஆனால் கலக்குவது, தொட்டியைக் கழுவுவது, மற்றவர் உடையைத் துவைப்பது எல்லாம் அந்த ‘வேறு வேலை’யில் சேராது.